எட்டு நொடிக்கு முந்தைய நீங்கள்: ஒரு கேமரா, ஒரு திரை, ஒரு கண்ணாடியோடு முதல் ஊடகக் கலைப் படைப்பு

உடம்பையும் அடையாளத்தையும் வைத்து ஊடகக் கலை (கேமரா, திரை, கணினி கொண்டு செய்யும் கலை) செய்யப் போகிறேன் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த சென்சார் வாங்கலாம் என்பதுதான். கையை அசைத்தால் சுவரில் பூ விரிய வேண்டும், முகத்தைப் பார்த்துக் கணினி ஏதாவது சொல்ல வேண்டும். ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்த வழியில் இறங்கினால் மாதக்கணக்கில் மென்பொருளோடு மல்லுக்கட்டுவதிலேயே பொழுது போய்விடும். எதிரே வந்து நிற்கப்போகிறவருக்கு என்ன ஆகும் என்று யோசிக்க நேரமே இருக்காது.

அதனால் ஒரே மதியத்தில் செய்து பார்க்கக்கூடிய ஒன்றை இங்கே சொல்கிறேன். கோடிங் கிடையாது. லேப்டாப், பெரிய கண்ணாடி, ஓர் இலவச மென்பொருள், இவ்வளவுதான். பீரோ கதவில் பதித்த கண்ணாடியே தொடங்கப் போதும்.

மூலம் எது

அமெரிக்கக் கலைஞர் டான் கிரஹாம் 1974இல் செய்த ஓர் இன்ஸ்டலேஷனைத்தான், அதாவது உள்ளே போய்ப் பார்க்கும்படி அமைத்த ஒரு படைப்பைத்தான், நாம் பின்பற்றப் போகிறோம். பெயர் 'பிரசென்ட் கன்டினியூஸ் பாஸ்ட்ஸ்'. இன்று பாரிஸின் பாம்பிடூ மையம் என்ற கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அமைப்பு எளிமையானது: ஓர் அறை, அதில் இரண்டு சுவர்கள் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் ஒரு மானிட்டர், அதற்கு மேலே ஒரு கேமரா. கேமரா பார்ப்பது மானிட்டரில் உடனே வராது, எட்டு நொடி கழித்துத்தான் வரும்.

உள்ளே நுழைகிறீர்கள். கண்ணாடியில் இப்போதைய நீங்கள் நிற்கிறீர்கள். மானிட்டரிலோ ஆளில்லாத அறை. நீங்கள் அங்கே இல்லவே இல்லை. குழம்பிப்போய் ஓரடி முன்னால் வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, என்னவென்று யோசிக்கும்போது மானிட்டருக்குள் ஒருவர் நுழைகிறார். நீங்கள்தான். கண்ணாடியில் மானிட்டரின் பிம்பமும் விழுகிறது, அதையும் கேமரா எடுக்கிறது. ஆகவே திரைக்குள் இன்னொரு சின்னத் திரை தெரியும், அதில் பதினாறு நொடிக்கு முந்தைய நீங்கள். அதற்குள் இருபத்துநான்கு.

இதை அன்று கிரஹாம் செய்த விதத்தைத் தெரிந்துகொண்டால் தாமதம் என்பது கைக்குப் பிடிபடும் ஒன்றாகிவிடும். இரண்டு வீடியோ ரெக்கார்டர்கள். ஒன்று பதிவு செய்யும்; அதிலிருந்து வெளியே வரும் நாடா நேராக இரண்டாவதற்குள் போய் ஓடும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நாடா தொங்குகிறதோ அவ்வளவு தாமதம். அன்றைய அரை அங்குல நாடாவின் வழக்கமான வேகம் நொடிக்கு ஏழரை அங்குலம். அந்த வேகத்தில் எட்டு நொடி என்றால் 60 அங்குலம், ஒன்றரை மீட்டர். கடந்த காலத்தை அளவுநாடா வைத்து அளக்கலாம். இன்று அந்த ஒன்றரை மீட்டர் கணினியின் நினைவகத்தில் இருக்கிறது.

சோனியின் போர்ட்டாபேக் 1967இல் வந்த பிறகுதான் தனியாள் தூக்கிப்போகும் வீடியோ கேமரா என்ற ஒன்று கலைஞர்கள் கைக்குக் கிடைத்தது. ஃபிலிம் போலக் கழுவிக் காத்திருக்க வேண்டாம், எடுக்கும்போதே பார்க்கலாம். தன்னை வெளியிலிருந்து, அந்த நொடியிலேயே, பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் பார்க்க முடிந்தது. கண்ணாடியால் ஆகாத வேலை இது. கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக் அதே 1974இல் ஒரு புத்தர் சிலையின் எதிரே டிவியையும் கேமராவையும் வைத்து, புத்தர் தன்னைத்தானே ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும்படி செய்தார். ஊடகக் கலையில் உடல் பற்றி இன்று நடக்கும் பாதிப் பேச்சுக்கு விதை அந்தச் சில ஆண்டுகளில் போட்டதுதான் என்பது என் எண்ணம்.

முதல் படி: லேப்டாப்பைக் கண்ணாடிக்கு எதிரே வையுங்கள்

கவனித்தீர்களா, லேப்டாப் என்பதே கிரஹாமின் எதிர்ச்சுவர்தான். திரை, அதன் மேலே கேமரா, இரண்டும் ஒரே பக்கம் பார்க்கின்றன. அதை ஒரு ஸ்டூலில் வைத்து, கண்ணாடிக்குச் சுமார் ஒரு மீட்டர் தள்ளி, கண்ணாடியைப் பார்த்தபடி திருப்புங்கள். நீங்கள் லேப்டாப்புக்குப் பின்னால் கண்ணாடியைப் பார்த்து நில்லுங்கள்.

ஒரு மீட்டருக்குக் காரணம் உண்டு. கண்ணாடியில் தெரியும் லேப்டாப் கேமராவுக்கு இரண்டு மீட்டர் தொலைவில் இருப்பதாகப் படும். அந்தத் தூரத்தில் சாதாரண வெப்கேம் இரண்டு மீட்டருக்கு மேல் அகலமான காட்சியைப் பிடிக்கும். அதில் லேப்டாப் திரை ஆறு ஏழில் ஒரு பங்குதான். இன்னும் பின்னால் தள்ளினால் உள்ளே இருக்கும் திரை பொட்டு அளவுக்குச் சுருங்கிவிடும். படங்களில் பார்க்கிற முடிவில்லாத திரை அடுக்கு வீட்டில் கிடைக்காது. இரண்டு அடுக்கு, மிஞ்சினால் மூன்று. அதுவே போதும்.

பீரோ கண்ணாடி குறுகலாக இருந்தால் கண்ணாடிக் கடையில் நாலடிக்கு மூன்றடி அளவில் ஒன்று வெட்டி வாங்குங்கள். விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். சுவரில் சாய்த்து வைக்கும்போது அடியில் ரப்பர் விரிப்பு, மேலே கயிற்றுக் கட்டு இரண்டும் வேண்டும். பார்க்க வருகிறவர்கள் நிச்சயமாகப் பின்னால் நகர்வார்கள். மூன்றாம் படியில் டிவிக்கு மாற்றிய பிறகு, திரையைப் பார்த்துக்கொண்டு நகர்கிறவருக்கு முதுகுக்குப் பின்னால் கண்ணாடி இருப்பது நினைவிருக்காது.

இரண்டாம் படி: தாமதம்

ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். யூடியூப் நேரலை செய்கிறவர்களுக்குப் பழக்கமானது. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

கீழே 'சோர்சஸ்' என்ற பெட்டியில் கூட்டல் குறியை அழுத்தி 'வீடியோ கேப்சர் டிவைஸ்' என்பதைச் சேர்த்து, உங்கள் கேமராவைத் தேர்ந்தெடுங்கள். படம் வந்துவிடும். இப்போது அந்தப் பெயரின் மேல் வலது கிளிக் செய்து 'ஃபில்டர்ஸ்' திறங்கள். புதியவர்கள் தடுமாறுகிற ஒரே இடம் இதுதான், கொஞ்சம் நிதானம். இடப்பக்கம் இரண்டு கட்டங்கள் இருக்கும். மேலே ஆடியோ, வீடியோ ஃபில்டர்கள். கீழே எஃபெக்ட் ஃபில்டர்கள். கீழ்க்கட்டத்தில் 'ரெண்டர் டிலே' என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து அதைப் போடுவார்கள், அது அரை நொடியோடு நின்றுவிடும். நமக்கு வேண்டியது மேல்கட்டத்தில் இருக்கும் 'வீடியோ டிலே'. அதைச் சேர்த்து 8000 என்று கொடுங்கள். கணக்கு மில்லி நொடியில்.

உடனே படம் உறைந்து நிற்கும். கணினி ஹேங் ஆகிவிட்டது என்று பதறி மூடிவிடாதீர்கள். எட்டு நொடிக்கான படம் சேர வேண்டாமா? சேர்ந்ததும் தானாக ஓடும்.

கேமராவின் தெளிவை 720பி அளவில் வைத்தால் போதும். நொடிக்கு 30 பிரேம் என்றால் எட்டு நொடிக்கு 240 பிரேம். அவை நினைவகத்தில் ஏறத்தாழ அரை ஜிபி வரை பிடிக்கும். 1080பி வைத்தால் அது இருமடங்குக்கும் மேல் போகும். பழைய லேப்டாப் திணற ஆரம்பித்தால் முதலில் இதைக் குறையுங்கள்.

கடைசியாக, நடுவில் தெரியும் படத்தின் மேல் வலது கிளிக் செய்து முழுத்திரை 'ப்ரொஜெக்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மெனு, பட்டன் எல்லாம் மறைந்து படம் மட்டும் நிற்கும். படத்தை இடவலமாகத் திருப்பும் வசதியும் உண்டு. தொடாதீர்கள். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

இப்போது வலது கையைத் தூக்குங்கள்

லேப்டாப்புக்குப் பின்னால் நின்று கண்ணாடியைப் பாருங்கள். வலது கையைத் தூக்கினால் கண்ணாடியில் வலப்பக்கம் ஒரு கை எழும். இறக்கிவிட்டுக் காத்திருங்கள். எட்டு நொடியில், அதே கண்ணாடிக்குள் தெரியும் லேப்டாப் திரையில், சின்ன உருவம் ஒன்று கையைத் தூக்கும். இடப்பக்கம்.

கேமரா எடுத்தது கண்ணாடியில் திரும்பிய உங்களை. அந்தத் திரையைக் கண்ணாடி மறுபடி ஒருமுறை திருப்பிக் காட்டுகிறது. இரண்டு திருப்பமும் ஒன்றையொன்று அடித்துவிட, அங்கே தெரிவது மற்றவர்கள் உங்களைப் பார்க்கும் விதம். தலைவகிடு மாறியிருக்கும், மூக்குத்தி மறுபக்கம் போயிருக்கும். இதுநாள் வரை உங்கள் முகம் என்று நீங்கள் நம்பியதும் ஊரார் உங்கள் முகம் என்று நினைப்பதும் ஒரே கண்ணாடிக்குள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, நடுவில் எட்டு நொடி இடைவெளியோடு. அடையாளம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய கோட்பாட்டையெல்லாம் படிக்கும் முன் இதன் எதிரே ஒரு பத்து நிமிடம் நின்றுவிடுங்கள்.

மூன்றாம் படி: டிவிக்கு மாற்றுங்கள்

லேப்டாப்பில் முகம் சரியாகத் தெரியாது. ஒத்திகைக்குத்தான் அது. வீட்டு டிவியை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்து, யுஎஸ்பி வெப்கேம் ஒன்றை டிவியின் தலையில் உட்கார வையுங்கள். டிவி 43 அங்குலம் என்றால் கண்ணாடி இரண்டு மீட்டர் எதிரே இருக்கட்டும். டிவியை ஆள் உயரத்துக்குத் தூக்க வேண்டும். வழக்கமான டிவி ஸ்டாண்டு உயரத்தில் வைத்தால் வருகிறவர்கள் உட்காரத் தோன்றி உட்கார்ந்துவிடுவார்கள், அப்புறம் அது டிவி பார்ப்பதாகிவிடும்.

இப்போது ஆள் நிற்பது இரண்டுக்கும் நடுவில். டிவியைப் பார்த்து நின்றால் திரையில் உங்கள் முன்பக்கமும், பின்னால் இருக்கும் கண்ணாடி வழியாக உங்கள் முதுகும் சேர்ந்தே தெரியும். இரண்டுமே பழையவை. திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தால்தான் இப்போதைய நீங்கள். ஆனால் திரும்பிய அந்த அசைவும் கொஞ்ச நேரத்தில் டிவியில் வரப்போகிறது.

உட்திரை தெரிய வேண்டுமானால் கேமராவுக்கும் கண்ணாடிக்கும் நடுவே உடம்பு மறைக்கக் கூடாது. அதற்காக 'இங்கே நிற்காதீர்கள்' என்று எழுதி ஒட்ட வேண்டாம். நுழைவை நேராக வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள், ஆட்கள் தாமாகவே ஓரத்திலிருந்து வருவார்கள். மறைக்கும்போது ஆழம் மூடிக்கொள்வதும் விலகும்போது திறப்பதும் இந்தப் படைப்பின் அழகில் ஒன்று.

வெளிச்சம்

டியூப்லைட் மினுங்கும் வேகத்துக்கும் கேமராவுக்கும் ஒத்துப்போகாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வெப்கேம் பல நேரம் 60இல் இருக்கும். விண்டோஸில் ஓபிஎஸ்ஸின் கேமரா அமைப்பில் 'கன்ஃபிகர் வீடியோ' என்பதைத் திறந்து 50 ஆக்குங்கள். அதே இடத்தில் தானியங்கி எக்ஸ்போஷரையும் (கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) தானியங்கி ஃபோகஸையும் அணைத்துவிடுங்கள்.

எக்ஸ்போஷரை ஏன் அணைக்க வேண்டும்? வெள்ளைச் சுவருக்கு முன் கறுத்த நிறமுள்ள ஒருவர் வந்து நின்றால், கேமரா சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும். சுவர் அழகாகத் தெரியும், அவருடைய கண்ணும் மூக்கும் தெரியாது. அவரவர் முகத்தைக் காட்டுவதற்காகச் செய்த படைப்பு அதைச் செய்யாமல் போனால் வேறெதற்கு? உங்கள் நண்பர்களில் ஆகக் கறுத்தவரை நிறுத்தி, அவர் முகம் தெளியும் வரை கையால் ஏற்றுங்கள். சுவர் வெளுத்தால் வெளுக்கட்டும். முடிந்தால் சுவரில் சாம்பல் நிறத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

இது கேமரா அமைப்பு பற்றிய சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். கணினி ஆய்வாளர் ஜாய் புவலாம்வினி அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் படித்தபோது, கண்ணாடியில் தெரியும் தன் முகத்தின் மேல் வேறு உருவங்களைப் பொருத்தும் ஒரு படைப்பைச் செய்தார். முகம் கண்டறியும் மென்பொருள் அவருடைய கறுத்த முகத்தைக் காணவில்லை. வெள்ளை முகமூடி போட்டதும் கண்டுகொண்டது. அங்கிருந்து அவர் தொடங்கிய ஆய்வை இன்னொரு ஆய்வாளரான டிம்னிட் கெப்ருவோடு சேர்ந்து 2018இல் வெளியிட்டார். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களில் வெளிர்நிற ஆண்களுக்குப் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கறுத்த பெண்களுக்கு 34.7 சதவீதம் வரை போனது. நாளைக்கு நீங்கள் ஏஐ முகக் கண்டறிதலுக்குப் போகும்போது இந்த எண்கள் உதவும். இப்போதைக்கு விளக்கைச் சரியாக வையுங்கள்: பக்கவாட்டில் இரண்டு, முகத்துக்குச் சற்று மேலே, திரையில் நேராக விழாதபடி.

எத்தனை நொடி?

எட்டு என்று மூலத்தில் இருக்கிறது என்பதற்காக அப்படியே வைக்க வேண்டாம். எண்ணை மாற்றி மாற்றி ஆட்களை நிறுத்திப் பாருங்கள். இந்தப் படைப்பில் உங்களுக்கென்று இருக்கும் தூரிகை அதுதான்.

அரை நொடி வைத்தால் எல்லோரும் கேமரா கோளாறு என்பார்கள். வீடியோ காலில் பழகிய எரிச்சல் வரும். இரண்டு நொடியில் விளையாட்டு தொடங்கும். கையாட்டுவார்கள், குதிப்பார்கள், நாக்கை நீட்டுவார்கள், சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு நொடிக்கு முன் செய்ததை மனம் இன்னும் கையில் வைத்திருக்கிறது, அதனால் திரையில் இருப்பவர் தனக்குக் கட்டுப்பட்டவர் என்றே தோன்றும். எட்டு நொடியில் அந்தப் பிடி நழுவுகிறது. தலையைச் சொறிந்தது, சட்டையை இழுத்துவிட்டது, பக்கத்தில் இருப்பவரை ஓரக்கண்ணால் பார்த்தது எல்லாம் மறந்துபோயிருக்கும், திரை அதைக் கொண்டுவந்து காட்டும். பார்க்கப்படுகிறோம் என்று தெரியாமல் தான் செய்ததை ஒருவர் தானே பார்க்கும் நிலை அது. இருபது நொடி வைத்தால், ஏதோ பழைய வீடியோ ஓடுகிறது என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள்.

எனக்கு ஆறுக்கும் பத்துக்கும் நடுவே எங்கேயாவது பிடிக்கும். சின்ன அறைக்குக் குறைவாக, நடந்து வர இடமிருக்கும் அறைக்கு அதிகமாக. நுழைகிறவர் டிவியின் எதிரே வந்து நிற்க எவ்வளவு நேரம் ஆகிறதோ அதைவிடத் தாமதம் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஆளில்லாத அறையை அவர் முதலில் பார்ப்பார். தான் இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று காட்டும் அந்த ஓரிரு நொடிதான் இதில் மிக வலுவான இடம். அதைத் தவறவிட்டால் மீதி வெறும் வேடிக்கை.

தனியாகச் சோதிக்காதீர்கள்

நீங்கள் தனியாக நின்று பார்க்கும்போது வேலை செய்வது, நாலு பேர் வந்ததும் வேறொன்றாகிவிடும். இருவர் இருந்தால், ஒருவர் மற்றவருடைய எட்டு நொடியைப் பார்க்கிறார். வெளியே போனவர் எட்டு நொடிக்கு உள்ளேயே நிற்கிறார், அதை அவரால் பார்க்க முடியாது, அடுத்து வந்தவர் பார்க்கிறார். கிரஹாமுக்கு அக்கறை இருந்ததும் இதில்தான்: பார்க்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பது. ஒரு ஓரமாக உட்கார்ந்து அவர்கள் எங்கே நிற்கிறார்கள், எப்போது சிரிப்பு நிற்கிறது, யார் திரையை விட்டுக் கண்ணாடிக்குத் திரும்புகிறார்கள் என்று கவனியுங்கள். விளக்கம் கேட்டால் சொல்லாதீர்கள். எட்டு நொடி என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

ஆனால் கேமரா இருக்கிறது என்பதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விடக் கூடாது. அதை வாசலிலேயே எழுதி வையுங்கள்: 'உள்ளே கேமரா இயங்குகிறது. எதுவும் சேமிக்கப்படுவதில்லை.' அது உண்மையாகவும் இருக்க வேண்டும். ஓபிஎஸ்ஸில் ரெக்கார்ட் பட்டனை அழுத்தாதவரை படம் நினைவகத்தோடு சரி, எட்டு நொடியில் அழிந்துவிடும். மைக்கை மியூட் செய்யுங்கள், வைஃபையை அணையுங்கள். வைஃபை அணைப்பதில் இன்னொரு லாபம், கண்காட்சிக்கு நடுவில் யாருடைய வாட்ஸ்அப் செய்தியும் திரையில் எட்டிப் பார்க்காது. பெண்கள், குழந்தைகள் வருகிற இடமென்றால் கேமராவின் உயரத்தையும் கோணத்தையும் ஒரு பெண்ணை நிறுத்திச் சரிபாருங்கள். லேப்டாப்பின் தூக்க நிலையையும் தானியங்கி அப்டேட்டையும் நிறுத்துவது சொல்லாமலே தெரியும்.

இது கைவந்த பிறகு

தாமதத்தை எடுத்துவிட்டுக் கேமராவின் இடத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். அமெரிக்கக் கலைஞர் புரூஸ் நௌமன் 1970இல் இருபது அங்குலமே அகலமுள்ள நீண்ட பாதை ஒன்றைக் கட்டினார். கடைக்கோடியில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு மானிட்டர்கள். ஒன்றில் ஆளில்லாத பாதையின் பழைய பதிவு, இன்னொன்றில் நேரலை. கேமரா நுழைவின் மேலே, உங்கள் முதுகுக்குப் பின்னால். மானிட்டரை நெருங்க நெருங்கக் கேமராவை விட்டு விலகுகிறீர்கள், திரையில் உங்கள் முதுகு சிறுத்துக்கொண்டே போகும். ஹாஸ்டல் காரிடாரிலோ இரண்டு பீரோக்களுக்கு நடுவிலோ இதைச் செய்துவிடலாம். டிவி ஒன்றே போதும், நேரலை மட்டும்.

ஒலியிலும் இதேபோல் செய்யலாம். கலைஞர்கள் ரிச்சர்ட் செர்ராவும் நான்சி ஹோல்ட்டும் 1974இல் செய்த ஒரு வீடியோவில், ஹோல்ட் பேசுவது ஹெட்ஃபோன் வழியாகச் சற்றுத் தாமதமாக அவர் காதுக்கே திரும்பி வரும், அவர் அந்த அனுபவத்தைப் பற்றியே பேசப் பார்த்துத் தடுமாறுவார். இங்கே தாமதம் குறைவாக இருக்க வேண்டும். ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் நாக்கு ஆக அதிகமாகக் குழறும்.

இனி சென்சார் வாங்குவதென்றால் வாங்குங்கள். நாடித்துடிப்பு சென்சார் ஒன்றோடு தொடங்கலாம். கலைஞர் ரஃபயேல் லொசானோ ஹெம்மர் 2006இல் ஓர் அறை நிறைய பல்புகளைத் தொங்கவிட்டு, வந்தவர்களின் இதயத்துடிப்புக்கு அவற்றை மினுங்க வைத்தார். புதியவர் துடிப்பை அளக்கும் பிடியைப் பற்றிவிட்டுக் கையை எடுத்ததும் பழையவரின் துடிப்பு அடுத்த பல்புக்கு நகரும். அங்கேயும் வேலை செய்வது வரிசைதான், எனக்கு முன்னால் யார், எனக்குப் பின்னால் யார் என்பது.

கழற்றும் முன் ஒரு வேலை பாக்கி. கண்ணாடிக்கும் டிவிக்கும் உள்ள தூரம், கேமராவின் உயரம், விளக்குகளின் இடம், கொடுத்த தாமதம், எக்ஸ்போஷர் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் படமாக வரைந்துகொள்ளுங்கள். தரையில் சாக்பீஸ் கோடு போட்டிருந்தால் அதையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுக்கு வீடியோ எடுப்பதென்றால், சம்மதித்த ஒரு நண்பரை வைத்து, போனைப் படுக்கை வாக்கில் பிடித்து, பக்கவாட்டிலிருந்து ஆளும் டிவியும் கண்ணாடியும் ஒரே சட்டகத்தில் வரும்படி ஒரு நிமிடம் நிறுத்தாமல் எடுங்கள். நடுவில் வெட்டினால் தாமதம் காணாமல் போய்விடும். கல்லூரிக்கோ கண்காட்சிக்கோ விண்ணப்பிக்கும்போது அந்த ஒரு நிமிடத்தையும் அந்தத் தாளையும் அனுப்பினால் போதும்.